சார்ஜர் பராமரிப்பு: கெட்டபின் ஓடுவதா, காலண்டர் பார்ப்பதா, ஏஐ சொன்னதும் கிளம்புவதா?

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஒரு மின்வாகன சார்ஜரை வந்தடைகிறார் ஓட்டுநர். செயலியில் பச்சை விளக்கு, மிஷின் திரையிலும் பச்சை. கன்னை, அதாவது கேபிள் முனையில் இருக்கும் கைப்பிடி பிளக்கை, வண்டியில் மாட்டினால் மட்டும் ஒன்றும் நடக்காது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சார்ஜர் பராமரிப்பு பார்க்கும் எனக்கு அதிகம் வரும் போன் இதுதான்: "அண்ணா, மிஷின் ஆன்லதான் இருக்கு, சார்ஜ் மட்டும் ஏற மாட்டேங்குது."

இது வடசென்னைக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 2022இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 657 வேகச் சார்ஜர் கனெக்டர்களை நேரில் போய்ச் சோதித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதம். அந்த ஊரிலேயே அப்படி என்றால் உப்புக் காற்றும் மணலித் தூசியும் சேர்ந்து அடிக்கும் நம் பக்கம் எப்படி இருக்கும்?

பராமரிப்புக்கு இப்போது மூன்று வழிகள் பேசப்படுகின்றன. கெட்டால் போவது, நாள் குறித்துப் போவது, செயற்கை நுண்ணறிவு எச்சரித்தால் போவது. மூன்றாவதை விற்க வருபவர்கள் முதல் இரண்டையும் பழைய காலத்துச் சமாச்சாரம் போலப் பேசுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் வழியை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். பெரம்பூர் அடுக்ககம் ஒன்றில் 3.3 கிலோவாட் சாக்கெட் பெட்டி மாட்டியிருக்கிறது என்றால், கெட்டால் போய்ப் பார்ப்பதே போதும். உள்ளே இருப்பது ஒரு பிரேக்கர், ஒரு காண்டாக்டர், ஒரு மீட்டர், ஒரு சின்ன போர்டு. பக்கத்திலேயே இன்னொரு சாக்கெட் இருக்கும். அதற்கு ஏஐ வாங்குவது கொசுவுக்குக் காவல் நாய் வளர்ப்பது மாதிரி. ஆனால் நெடுஞ்சாலையோரம் இருக்கும் 60 கிலோவாட் டிசி (நேர்மின்னோட்ட) வேகச் சார்ஜரை இப்படி விட்டால், கெட்டது நமக்குத் தெரிவதற்குள் பத்து ஓட்டுநர்கள் திரும்பிப் போயிருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் மறுபடி வர மாட்டார்கள்.

இரண்டாவது, வருடாந்திர ஒப்பந்தம் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவது. இதன் குறை எனக்கு நன்றாகத் தெரியும், பட்டிருக்கிறேன். ஒரு முறை ஒப்பந்ததாரர் அனுப்பிய அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் டிக். கூடவே வந்த புகைப்படம் முந்தைய காலாண்டில் வந்த அதே புகைப்படம், அதே பூனைகூட அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆள் சரியாக வந்தாலும் சிக்கல் தீராது. காசிமேடு கடற்கரைக்கும் உள்ளே தள்ளி இருக்கும் கொடுங்கையூருக்கும் ஒரே அட்டவணை. தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த காலண்டருக்கு வடகிழக்குப் பருவமழை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனாலும் காலண்டரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கு ஒரு காரணம் எர்த்திங். கடலோர மண்ணில் உப்புநீர் ஊறியிருப்பதால் எர்த் டெஸ்டரில் மதிப்பு நன்றாகத்தான் காட்டும். அதே உப்பு மண்ணுக்குள் இருக்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை மெல்லத் தின்றுகொண்டிருக்கும். குழியைத் திறந்து கண்ணால் பார்க்காமல் இது தெரியாது. கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்திருப்பதும் அப்படித்தான். சென்சார் வைக்காத இடத்தை எந்த ஏஐயும் பார்க்காது. அதனால் தேதியைத்தான் நம் ஊருக்கு ஏற்ப மாற்ற வேண்டும்: கத்திரி வெயிலுக்கு முன் ஃபில்டரும் மின்விசிறியும், செப்டம்பரில் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர்), எர்த்திங், சர்ஜ் தடுப்பான் (திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காப்பது).

சரி, மூன்றாவதுக்கு வருவோம். ஏஐ என்றதும் ஏதோ மிஷினுக்கு நாடி பிடித்துப் பார்க்கும் என்று நினைக்க வேண்டாம். அது பார்ப்பது மிஷின் அனுப்பும் தகவலை மட்டுமே. பெரும்பாலான சார்ஜர்கள் ஓசிபிபி என்ற பொது மொழியில் சர்வருடன் பேசுகின்றன. நம்மிடம் பரவலாக இருப்பது 2015இல் வந்த 1.6 பதிப்பு. உயிரோடு இருக்கிறேன், காலியாக இருக்கிறேன், இத்தனை யூனிட் கொடுத்தேன், சூடு அதிகம், எர்த் கோளாறு என்று அதில் செய்திகள் போகும். பல கம்பெனிகள் உருப்படியான விஷயத்தை எல்லாம் 'இதர கோளாறு' என்ற ஒரே மூட்டையில் கட்டி, உள்ளே தங்கள் சொந்த எண்ணைப் போட்டு அனுப்புகின்றன. அதைப் பிரித்து அடுக்குவதிலேயே பாதி வேலை போய்விடும்.

அதைத் தாண்டினால் நல்ல பயன் உண்டு. கன்னை எடுத்துக்கொள்ளுங்கள். சிசிஎஸ்2 (வேகச் சார்ஜிங்குக்கான ஒரு பிளக் வகை) கன்னின் டிசி பின்களில் வெப்ப உணரி இருக்கிறது. 200 ஆம்பியர் ஓடும்போது தொடுமுனையில் அரை மில்லிஓம் தடை இருந்தால் 20 வாட் சூடு. உப்புப் படிந்து தடை ஒரு மில்லிஓம் ஆனால் 40 வாட். மிஷின் தன் வரம்பைத் தொட்ட பிறகுதான் கரண்டைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். இதே கரண்டில், இதே வெயிலில், போன மாதத்தைவிட இந்தக் கன் ஏன் கூடுதலாகச் சுடுகிறது என்று கேட்பது ஏஐயின் வேலை. மாட்யூல், அதாவது ஏசி கரண்டை டிசியாக மாற்றும் பெட்டி, அதன் சூட்டுக்கும் இதே கதைதான். மணலிப் பக்கம் தூசியில் ஃபில்டர் அடைத்தால் உள்ளே சூடு ஏறும். மின்தேக்கிகளுக்குப் பொதுவான கணக்கு, 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. இதை முன்கூட்டியே பிடிப்பது காசு மிச்சம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. மேலே சொன்ன பச்சை விளக்குப் பிரச்சினை. தண்டையார்பேட்டையில் ஒரு சார்ஜருக்குத் தினமும் மாலை ஆறிலிருந்து பத்துக்குள் வண்டிகள் வரும் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு ஒன்றுகூட வரவில்லை, மிஷினோ 'காலி' என்கிறது. உண்மையில் காலியா, கெட்டுவிட்டதா? அந்த இடத்தின் வழக்கத்தைத் தெரிந்துவைத்திருக்கும் மென்பொருள் உடனே சந்தேகப்படும். இதற்குப் பெரிய ஏஐ எல்லாம் வேண்டாம், எக்ஸெல் தெரிந்த பையன் ஒருவன் போதும். விற்பனையாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் சொல்லாத இன்னொன்று பொய் எச்சரிக்கை. 100 சார்ஜரில் ஒரு வாரத்தில் உண்மையாகவே கெடப்போவது 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ அந்த இரண்டையும் பிடிக்கிறது, நல்லதாக இருக்கும் 98இல் 5 சதவீதத்தை மட்டும் தவறாகக் காட்டுகிறது. கேட்க அருமை. ஆனால் கணக்குப் போட்டால் 7 முறை கிளம்பினால் 5 முறை வெட்டி அலைச்சல். வியாசர்பாடி நெரிசலில் மூன்று முறை சும்மா போய்த் திரும்பிய டெக்னீசியன் நான்காவது முறை போனையே எடுக்க மாட்டார். தவிர, ஜாப் கார்டில் 'சரி செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதிவைத்தால் ஏஐ எதைப் படித்துக் கற்றுக்கொள்ளும்? எது தளர்ந்திருந்தது, எது கருகியிருந்தது என்று எழுத வேண்டும்.

உதிரிபாகம் விஷயத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வேகச் சார்ஜர் வலையமைப்புகள் ஆண்டுக்குச் சராசரியாக 99 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது சட்டம். ஒரு மிஷினுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 88 மணி நேரம்தான் படுக்கலாம். இங்கே ஒரு மாட்யூல் வர மூன்று வாரம் ஆனால் 504 மணி நேரம் போய்விடுகிறது. கெடப்போகிறது என்று ஏஐ பத்து நாள் முன்னால் சொல்லி, பாகம் வர இருபது நாள் ஆனால், நாம் செய்யக்கூடியது கவலைப்படுவது மட்டுமே. எச்சரிக்கை வந்ததும் பாகத்துக்கு ஆர்டர் போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வந்தால் மூன்று வழியும் ஒன்றுதான். அங்கே பேசுவது சார்ஜர் நிற்கும் மேடை எத்தனை அடி உயரம் என்பது.

என் கணக்கு இப்படி. கையில் பத்துப் பன்னிரண்டு சார்ஜர் இருந்தால், நம் பருவத்துக்கேற்ப மாற்றிய காலண்டரும் 'ஏன் யாரும் வரவில்லை' என்று கேட்கும் ஒரு எளிய கணக்கும் போதும். பேருந்துப் பணிமனை வேறு. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் தொடங்கிவைக்கப்பட்டன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே மாதிரி வண்டி, இரவானால் ஒரே மாதிரி சார்ஜிங். ஏஐக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஒரு கன் இரவில் கெட்டால் காலையில் முதல் ட்ரிப் ரத்தாகிவிடும், எனவே செலவுக்கும் நியாயம் இருக்கிறது. அங்கேயும் எர்த் குழியைத் திறக்கும் ஆளை நிறுத்திவிடக் கூடாது.

போன மாதம் ஒருவர் ஏஐ மென்பொருள் விற்க வந்தார். "மூன்று மாதம் உங்கள் கணிப்பை எனக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள் சார், நாங்கள் எங்கள் வழக்கப்படி போகிறோம். கடைசியில் ரெண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்" என்றேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை என்று மாதத்தையும் சொன்னேன். ஏப்ரலில் ஆரம்பிக்கலாமே என்றார்.