கோவாக்ஸ் மார்க் 2: கடல் பனியைத் துளைக்க வாங்கலாமா?

நார்வேயின் வடதுருவத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில், வான் மியென் ஃபியோர்டில் கடல் பனியின் வளைவு வலிமையை (வளைக்கும்போது எவ்வளவு தாங்கி உடைகிறது என்பதை) அளக்கப் போகும்போது, ஸ்னோமொபைல் பின்னால் கட்டும் சறுக்குவண்டியில் நான் முதலில் ஏற்றுவது இந்தத் துளைக்கருவியைத்தான். கண்ணாடியிழைக் குழாய் என்பதால் எடை குறைவு. கையாலும் சுற்றலாம், டிரில்லிலும் மாட்டலாம். 9 செ.மீ. குறுக்களவில் பனியை உருளையாக அறுத்து எடுத்துத் தரும்.

வலிமையை இது நேரடியாக அளக்காது. அதற்கு மிதக்கும் பனியிலேயே மூன்று பக்கம் செயின் சாவால் அறுத்து, நான்காவது பக்கம் ஒட்டியிருக்கும்படி ஓர் உத்தரத்தை விட்டுவைத்து, அதன் நுனியை உடையும் வரை அமுக்க வேண்டும். தடிமனும் அகலமும் 40 செ.மீ., நீளம் 2.4 மீட்டர், வலிமை 0.4 மெகாபாஸ்கல் (பரப்புக்கு எவ்வளவு விசை என்பதன் அலகு) என்றால் சுமார் 180 கிலோ சுமையில் படாரென்று உடையும். சரி, அப்புறம் துளைக்கருவி எதற்கு?

பனிக்குள் நுண்ணிய அறைகளில் உப்புநீர் உறையாமல் தங்கியிருக்கிறது. அது எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குப் பனி பலமிழக்கும். பனி ஆய்வாளர்கள் டிம்கோவும் ஓ'பிரையனும் 1994இல் தந்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. ஆயிரத்தில் 5 பங்கு உப்புள்ள பனி மைனஸ் 5 டிகிரியில் 0.46 மெகாபாஸ்கல் தாங்கும். மைனஸ் 2 டிகிரிக்கு வந்தால் 0.22தான். மூன்று டிகிரியில் பாதி பலம் போய்விடுகிறது! வெப்பநிலையும் உப்பும் தெரியாமல் உடைந்த சுமையை மட்டும் எழுதிவைத்தால் அந்த எண்ணை வேறெதோடும் ஒப்பிட முடியாது.

அதனால் உருளை வெளியே வந்த நொடியிலிருந்து அவசரம்தான். 5 செ.மீ.க்கு ஒரு சிறு துளை போட்டு வெப்பமானியை நடுவரை செருகுவேன். குளிர்காற்று பட்டால் அளவு மாறிவிடும். உடனே துண்டு துண்டாக அறுத்து மூடியுள்ள டப்பாக்களில் போடுவேன். அடிப்பகுதியிலிருந்து உப்புநீர் சொட்டச் சொட்ட, அந்தத் துண்டின் உப்பளவு உள்ளதைவிடக் குறைவாகவே வரும். எந்தத் துளைக்கருவியிலும் இது நடக்கும். அடித்துண்டின் எண்ணை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன்.

மீள்தன்மையை, அதாவது வளைந்த பனி பழைய வடிவுக்குத் திரும்பும் குணத்தை, அளக்க இந்த உத்தரச் சோதனை மட்டும் போதாது. உத்தரம் எவ்வளவு வளைகிறது என்று அளந்து கணக்குப் போட்டாலும், பனியோடு ஒட்டியிருக்கும் அதன் வேர்ப்பகுதியும் சேர்ந்து சற்றுத் திரும்புவதால் பனி இருப்பதைவிட நெகிழ்வானதாகத் தோன்றும். அதைத் திருத்தாமல் மீள்குணகம் (பனியின் விறைப்பைச் சொல்லும் எண்) என்று அறிக்கையில் எழுதுவது தப்பு.

உப்பும் வெப்பநிலையும்தான் தேவை என்றால் தயங்காமல் மார்க் 2 வாங்குங்கள். ஆய்வகத்தில் வெட்டிச் சோதிக்க அகலமான மாதிரி வேண்டுமென்றால், இதே நிறுவனத்தின் 14 செ.மீ. மார்க் 5 பக்கம் போங்கள். எதை வாங்கினாலும் ஒவ்வொரு துளைக்குப் பிறகும் குழாயைத் துடைத்துவிடுங்கள். உள்ளே ஈரம் உறைந்தால் அடுத்த உருளை சிக்கிக்கொள்ளும்.