அமுச்சியோடு மூன்று ஞாயிறு

இந்தத் தடவை சிட்னியிலிருந்து மூன்று வார லீவில் அவிநாசிக்கு வந்தேன். அம்மாவைப் பெற்ற என் அமுச்சிக்கு 82 வயது, முழங்கால் வலி. வாசற்படி தாண்டுவதே அவருக்குப் பெரும்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வெளியே கூட்டிப்போய், நன்றாக உட்காரவைத்துச் சாப்பிடவைக்க வேண்டும் என்று விமானம் ஏறும்போதே நினைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு கோயமுத்தூரில் ஒரு பெரிய ரெஸ்டாரண்ட். பிரஞ்ச் (brunch) என்று போர்டு வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு மேல் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்த பஃபே. ஏசி, சுத்தம், வாசலில் சாய்தளம், எல்லாம் இருந்தது. சாப்பாடும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் அமுச்சியால் எழுந்து வரிசையில் நிற்க முடியாது. "பெரியவங்களுக்கு மட்டும் கொஞ்சம் கொண்டாந்து வைங்க" என்று கேட்டேன். "பஃபேங்க, செல்ஃப் சர்வீஸ்தானுங்க" என்றார் அங்கே நின்ற தம்பி. நானே நாலு நடை நடந்தேன். ஒவ்வொரு நடைக்கும் "போதும் கண்ணு, நீ உக்காந்து சாப்புடு" என்றார் அமுச்சி.

பில்லைப் பார்த்ததும்தான் மனசு கசந்தது. 5 சதவீத ஜிஎஸ்டிக்கு மேலே சர்வீஸ் சார்ஜ். ஊருக்கு வரும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நான் பொறுமையாக எடுத்துச் சொன்னதும் மேனேஜர் மறுபேச்சில்லாமல் கழித்துக் கொடுத்தார். கழிக்க மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

இரண்டாவது ஞாயிறு நம்பியூர் தாண்டி, கோபி போகிற ரோட்டோரம் ஒரு சின்னக் கடை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும், உதவிக்கு ஒரு பையனும்தான். வண்டி நின்றதுமே அந்தம்மா வெளியே வந்து, "ஏனுங்க தம்பி, ஆத்தாளுக்குக் கால் முடியாதுங்களா? கதவை ஒட்டி இருக்கற டேபிள்ல உக்கார வைங்க" என்றார். கேட்காமலே ஒரு முக்காலி வந்தது, காலை நீட்டிக்கொள்ள.

ஞாயிறு என்றால் நம் பக்கம் கறிதானே. இட்லியோடு குடல் குழம்பு, பள்ளிபாளையம் சிக்கன், அரிசியும் பருப்பும், எல்லாம் இருந்தது. பள்ளிபாளையத்தை மசாலாப்பொடி கொட்டிக் கெடுக்காமல், வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பல்லும் போட்டுச் செய்திருந்தார்கள். சிட்னியில் எத்தனை தரம் செய்து பார்த்தும் எனக்குக் கைகூடாத ருசி அது.

அமுச்சியின் கண் மட்டும், இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிகிற அச்சின் மேலேயே இருந்தது. மூன்று கால் வைத்த பழைய இரும்பு அச்சு. வெந்த மாவைச் சூட்டோடு உள்ளே போட்டுப் பிழிய வேண்டும், ஆறிவிட்டால் இறங்காது. ஒருத்தர் அமுத்த, இன்னொருத்தர் கீழே தட்டைச் சுற்ற வேண்டும். அன்றைக்கென்று பையன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். "சூடு போறதுக்குள்ள அமுத்து அம்மணி, தட்டை நான் புடிக்கறேன்" என்றார் அமுச்சி. அந்தம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுத்தார். நூல் நூலாக இறங்கியதை அமுச்சி நடுங்கும் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி வாங்கினார். ஒரு இழைகூட வெளியே விழவில்லை. அதன் மேல் தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே கவுந்தப்பாடிச் சர்க்கரை. வீட்டில் அரை இட்லியோடு கையை உதறுகிறவர் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவும் இடத்துக்கு இரண்டு படி இறங்க வேண்டும், பிடிமானம் கிடையாது. வெஸ்டர்ன் டாய்லெட்டும் இல்லை. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்தப் பையனே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து டேபிளிலேயே கைக்கு ஊற்றினான். கார்டு வாங்க மாட்டார்கள், யுபிஐ உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இந்திய பேங்கில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கை, ஆஸ்திரேலியா உட்பட 10 நாட்டு மொபைல் எண்களில் யுபிஐயோடு இணைத்துக்கொள்ள 2023-இல் வழி செய்தார்கள். உங்கள் பேங்கில் அந்த வசதி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். எனக்கு உடனே போனது.

மூன்றாவது ஞாயிறும் அங்கேதான். பன்னிரண்டு மணிக்குள் சந்தகை தீர்ந்துவிடும் என்று அந்தம்மா சொல்லியிருந்ததால், ஒன்பதரைக்கெல்லாம் அமுச்சி சேலை மாற்றிக்கொண்டு திண்ணையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.