சூன்டோ எம்சி-2 காம்பஸ்: பாலைவன லெட்டர்பாக்ஸ் தேடலுக்குச் சரிவருமா?

அரிசோனாவில் டூசான் நகரைச் சுற்றியுள்ள சொனோரன் பாலைவனப் பாதைகளில் லெட்டர்பாக்ஸ் (குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்க வெளியில் ஒளித்துவைத்த சிறு பெட்டி) தேடப் போகிறவர்களுக்கு ஜிபிஎஸ் பெரிதாக உதவாது. ஜிபிஎஸ் கொண்டு பெட்டி தேடும் ஜியோகேச்சிங்கில் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்துவிடுவார்கள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “இரண்டு கை உள்ள சகுவாரோவிலிருந்து 140 டிகிரியில் 60 தப்படி, பாறைக் குவியலின் கிழக்கு இடுக்கில் பார்.” (சகுவாரோ என்பது அங்கே வளரும் மரம் போன்ற உயரமான கள்ளி; கை என்பது அதன் கிளை.) 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த விளையாட்டுக்கு இன்றும் காம்பஸ்தான் உயிர். அந்த வேலைக்கு எம்சி-2 எப்படி என்பதே இந்த மதிப்புரை.

இது முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த மூடியுள்ள பேஸ்பிளேட் காம்பஸ், அதாவது தட்டையான பிளாஸ்டிக் தகட்டில் பொருத்திய காம்பஸ். எடை சுமார் 75 கிராம், டயலில் 2 டிகிரிக்கு ஒரு கோடு. சாதாரண பேஸ்பிளேட் காம்பஸைவிட விலை பல மடங்கு. கொடுக்கும் காசுக்கு உண்மையான பலன் இரண்டு இடத்தில் தெரியும்.

முதலாவது, காந்த ஒதுக்கத்தைத் திருத்தும் திருகு. டூசானில் காந்த முள் உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 9 டிகிரி கிழக்கே விலகி நிற்கும். சென்னையில் இந்த விலகல் மிகச் சிறியது என்பதால் நம் ஊரில் மலையேறிப் பழகியவர்கள் இதைக் கவனிக்காமலே இருந்திருப்பார்கள். பாலைவனத்தில் அப்படி விட முடியாது. தப்படி என்பது இரண்டு எட்டு, அதாவது சுமார் ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் 60 தப்படி 90 மீட்டர். அந்தத் தூரத்தில் 9 டிகிரி பிசகினால் 14 மீட்டர் தள்ளிப் போய் நிற்போம். அங்கேயும் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு பாறைக் குவியல் இருக்கும்! தேடல் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழுத்துக் கயிற்றில் தொங்கும் சிறு சாவியால் திருகைத் திருப்பி 9 கிழக்கு என்று ஒருமுறை வைத்துவிட்டால், காட்டும் எண் எல்லாம் உண்மை வடக்குக்கு. குறிப்பில் ‘மேக்னடிக்’ (காந்த வடக்கிலிருந்து அளந்த கோணம்) என்றிருந்தால் அந்த எண்ணோடு 9 கூட்டுங்கள்: 140 என்பது டயலில் 149. எதுவும் சொல்லாத குறிப்பென்றால் இரண்டு கோணத்திலும் நடந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. குறிப்பு எழுதிய ஆண்டையும் பாருங்கள். இந்த விலகல் அங்கே ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. பழைய மேக்னடிக் குறிப்புக்கு ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் கூட்ட வேண்டி வரும். தப்படி என்பதை ஒற்றை எட்டாக எண்ணி எழுதுகிறவர்களும் உண்டு என்பதால் பாதித் தூரத்திலும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, கண்ணாடி. மூடியைப் பாதி மடக்கிக் கண் மட்டத்தில் பிடித்தால், மேலே உள்ள வெட்டு வழியாகத் தொலைவில் ஓர் இலக்கும் கண்ணாடியில் காம்பஸ் முகமும் ஒரே நேரத்தில் தெரியும். சோய்யா (cholla) எனும் முட்கள்ளிப் புதர்களுக்கு நடுவே நேர்கோட்டில் நடக்கவே முடியாது. எனவே கோட்டில் விழும் ஒரு மரத்தையோ பாறையையோ பிடித்துக்கொண்டு, சுற்றிப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மறுபடி பார்க்க வேண்டும். வயிற்றுக்கு நேரே பிடிக்கும் சாதாரண காம்பஸில் இவ்வளவு துல்லியம் வராது.

அதே கண்ணாடியால் வெயிலைத் திருப்பி இடுக்குக்குள் அடிக்கலாம். என் கணக்கில் இந்த ஒரு பயனுக்கே இதை வாங்கலாம். ராட்டில் எனும் விஷப் பாம்பும் தேளும் ஒதுங்குவது அதே நிழலில்தான். முதலில் ஒளி, பிறகு கம்பு, கடைசியில்தான் கை. முதுகுப் பக்கம் குத்திய சோய்யா முள்ளைப் பார்த்துச் சீப்பால் தட்டிவிடவும் கண்ணாடி உதவும்.

குறைகளும் உண்டு. உள்ளே திரவம் நிரப்பியது என்பதால் கோடையில் பூட்டிய காரின் டேஷ்போர்டில் விட்டுவிட்டால் குமிழி விழுந்து, முள் தடுமாறலாம். செல்போன், காந்தப் பிடி உள்ள போன் உறை பக்கத்தில் ஒரே பையில் வைக்காதீர்கள். முள்ளின் காந்தம் தலைகீழாகவே மாறிவிடக்கூடும். எரிமலைப் பாறைகளின் மீது வைத்து அளவெடுக்காமல், சில எட்டு தள்ளி நின்று இரண்டு இடத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். இதிலுள்ள சரிவுமானி (மலைச்சரிவின் கோணத்தை அளப்பது) நல்ல வசதிதான், ஆனால் லெட்டர்பாக்ஸுக்குத் தேவைப்படாது.

இதனால் ஆகாத ஒன்றும் இருக்கிறது: அடையாளமே மறைந்துவிட்டால் காம்பஸ் என்ன செய்யும்? ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரையிலான பருவமழை வெள்ளம் வறண்ட ஓடைகளின் கரையையே மாற்றிவிடும், சகுவாரோக்களும் சாயும். மழைக்காலத்துக்குப் பின் யாராவது கண்டெடுத்ததாகப் பதிவு உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும்போது வகையைக் கவனியுங்கள். என்.எச். என்பது வட அரைக்கோளத்துக்குச் சமன் செய்த முள். அரிசோனாவுக்கு அது போதும். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் தமிழ்நாட்டிலும் பயன்படுத்துவதாக இருந்தால் அந்த முள் ஒரு பக்கம் சாய்ந்து உரசலாம். அப்போது உலகெங்கும் பயன்படும் ஜி (குளோபல்) வகையையே கேளுங்கள். திருத்தும் சாவி தங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.