கோன்-கப் ஹப்பும் கையால் கட்டிய வீலும்: ஆறேழு வருட ஓட்டத்துக்குப் பிறகு

சைக்கிளில் எதை முதலில் மாற்றலாம் என்று யார் கேட்டாலும் வீலைத்தான் சொல்வேன். கியர், ஹேண்டில், சீட் எல்லாம் அப்புறம். ஆறேழு வருடமாக ஒரே ஜோடி வீலில் ஓட்டுவதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். ஷிமானோ டியாக்ரா தரத்து 32 துளை ஹப் (வீலின் நடுவில் அச்சைச் சுற்றி உருளும் பகுதி), டிடி ஸ்விஸ் காம்பெடிஷன் கம்பி, பித்தளை நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு நட்), இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், ரிம் பிரேக், 28 எம்எம் டயர். கார்பன் இல்லை, எடையும் குறைவில்லை. வேலைக்குப் போய்வருவது, ஞாயிறு காலை ஈசிஆர், அவ்வப்போது 200, 300 கிலோமீட்டர் பிஆர்எம் (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) என எல்லாமே இதில்தான். மழையும் உப்புக் காற்றும் தாராளமாகப் பட்டிருக்கின்றன.

இதைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் சைக்கிளோடு வந்த பழைய வீல். பின் வீலில், செயின் பக்கத்தில், ஒரு கம்பி அறுந்தது. மாற்றினேன். கொஞ்ச நாளில் அதே பக்கத்தில் இன்னொன்று, பிறகு இன்னொன்று. ரோடு மோசம், நம் எடை அதிகம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆனால் எல்லாக் கம்பியும் ஒரே இடத்தில் அறுந்தன: ஹப்பின் விளிம்புத் துளைக்குள் கம்பி வளைந்து நுழையும் கழுத்தில். குழியில் விழுந்த அடி அப்படி அறுக்காது. அது உலோகச் சோர்வு.

வீல் உருளும்போது தரையை ஒட்டி வரும் கம்பிகளின் இழுவை ஒவ்வொரு சுற்றிலும் குறைந்து மறுபடி ஏறுகிறது. 28 எம்எம் டயர் போட்ட 700சி (ரோடு சைக்கிளின் வழக்கமான அளவு) வீல் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 470 தடவை சுற்றும். அத்தனை தடவையும் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. சரியான விறைப்பில், கழுத்து துளையில் நன்றாகப் படிந்து உட்கார்ந்த கம்பிக்கு இது ஒன்றுமே இல்லை. அரைகுறையாக உட்கார்ந்த கம்பி அதே இடத்தில் மடங்கி மடங்கி விரிசல் விடும்.

எனக்கு வீல் கட்டித் தந்த மெக்கானிக் முதலில் அந்தப் பழைய வீலை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிக் காட்டினார். பெண்டே இல்லை, அழகாக நேராக ஓடியது. அப்புறம் கம்பியின் விறைப்பை அளக்கும் பார்க் டூல் டிஎம்-1 மீட்டரை ஒவ்வொரு கம்பியிலும் வைத்தார். ஒரே பக்கத்தில் ஒரு கம்பி கல்லாக விறைத்திருக்க, அடுத்தது தொளதொளத்தது. ஒன்றின் அதிக இழுவையை இன்னொன்று சமன் செய்ததால் ரிம் நேராக நின்றது, அவ்வளவுதான். வீல் நேராக ஓடுவதும் வீல் நன்றாகக் கட்டப்பட்டிருப்பதும் வேறு வேறு. கடையில் வீலைச் சுற்றிப் பார்த்து வாங்குபவர்கள் முதலாவதை மட்டும்தான் பார்க்கிறோம்.

அவர் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நிப்பிள் மரையில் ஒரு சொட்டு எண்ணெய். கம்பியை இறுக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும் என்பதால், கால் சுற்று கூடுதலாகத் திருப்பி அதே அளவு திருப்பி விட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் இணையாகப் போகும் இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து உள்ளங்கை சிவக்க அழுத்தினார். கழுத்து துளையில் படிவதும், வளைத்தபோது கம்பிக்குள் தங்கிய இறுக்கம் நீங்குவதும் இந்த அழுத்தலில்தான். அவசரமாக வெளிவரும் வீலில் விட்டுப்போவதும் இதுதான். கடைசியில் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக் கேட்டார். ஒரு பக்கத்துக் கம்பிகள் ஒரே சுதியில் பேச வேண்டும். முன்னால் 32, பின்னால் 40 கம்பி போட்ட நம் கறுப்பு சைக்கிளுக்குப் பெண்டு எடுத்த பழைய ஆட்களிடம் மீட்டர் கிடையாது. சுண்டிக் கேட்கும் காது இருந்தது.

பின் வீலில் இடது பக்கமும் வலது பக்கமும் சமமாக இருக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். வலது பக்கம் கியர் பற்சக்கரங்களுக்கு இடம் விடுவதால் ஹப் விளிம்பு நடுவை நெருங்கி நிற்கிறது. கம்பிகள் செங்குத்தாக ஏறுகின்றன. வலதில் 110 கிலோ இழுவை வைத்தால் இடதில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் நிற்கும். அந்தத் தளர்ந்த பக்கத்தைக் காப்பாற்றுவது மெல்லிய கம்பி. காம்பெடிஷன் கம்பி இரு முனையிலும் 2 எம்எம், நடுவில் 1.8 எம்எம். நடுப்பகுதியின் குறுக்குப் பரப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே இழுவைக்குக் கூடுதலாக நீளும். அதனால் ரிம் லேசாக அமுங்கும்போதும் விறைப்பை முழுக்க இழப்பதில்லை. தடித்த கம்பிதான் உறுதி என்று நினைப்பவர்களிடம் நான் காட்டுவது இந்த வீலைத்தான். இத்தனை வருடத்தில் இதில் ஒரு கம்பிகூட அறுந்ததில்லை.

சரி, ஹப்புக்கு வருவோம். பெட்டியாக அடைத்த பேரிங் எங்கும் வந்துவிட்ட காலத்திலும் ஷிமானோ பழைய முறையை விடவில்லை: ஹப்புக்குள் கிண்ணம் போன்ற கப், அச்சில் திருகும் கூம்பு வடிவக் கோன், இரண்டுக்கும் நடுவில் உருளும் தனித்தனி பால்ரஸ் குண்டுகள். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 பால்ரஸ், 3/16 அங்குலம். பின்னால் பக்கத்துக்கு 9, கால் அங்குலம். பால்ரஸ் கப்பையும் கோனையும் சாய்வாகத் தொடுவதால் மேலிருந்து வரும் பாரத்தையும், திருப்பத்தில் பக்கவாட்டில் வரும் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும். தேய்ந்தால் இறுக்கிச் சரிசெய்யலாம். வேலைப்பாடு எங்கே தெரிகிறது என்றால், கோனைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள்: பால்ரஸ் ஓடும் பாதை கண்ணாடி மாதிரி இருக்கும். மலிவான ஹப்பில் அங்கே கடைசல் கோடுகளே தெரியும்; எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அச்சைக் கையால் சுற்றும்போது மணல் உரசுகிற உணர்வு போகாது.

பருவமழை முடிந்ததும் வருடம் ஒரு முறை ஓவராயில் செய்கிறேன். பால்ரஸ் விலை ஒன்றுமில்லை என்பதால் மொத்தத்தையும் புதிதாக மாற்றிவிடுவேன். பழையதையும் புதியதையும் கலந்தால் அளவு வித்தியாசத்தில் பாரம் சிலதின் மேல் மட்டும் ஏறும். முக்கியமான நுணுக்கம் ஒன்று. வீலைச் சைக்கிளோடு பிடிக்கும் குயிக் ரிலீஸ் நெம்புகோலை இறுக்கும்போது அச்சு மிக லேசாக அமுங்குகிறது. அதனால் வீல் வெளியே இருக்கும்போது இம்மியளவு ஆட்டம் இருக்க வேண்டும். சைக்கிளில் மாட்டி இறுக்கியதும் அது மறைய வேண்டும். கையில் வைத்து ஆட்டமே இல்லாமல் வைத்த ஹப், மாட்டியபின் இறுகி ஓடி, கோனில் குழி விழுந்து கெட்டுவிடும். நல்ல ஹப்பைக் கொல்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

என் பின் ஹப்பின் வலது கோனில் ஒரு வருடம் சிறு குழிகள் தெரிந்தன. கோனை மட்டும் மாற்றினேன். கப் இன்னும் பளபளக்கிறது. இது நல்ல வேளை, ஏனென்றால் கப் ஹப்போடு சேர்ந்தது. அது போனால் ஹப்பே போனது, கம்பி முழுவதையும் பிரிக்க வேண்டும். குறை என்றால் இதைத்தான் சொல்வேன். இரண்டாவது குறை, சரியான கோன் தேடி அலைய வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் அடைத்த பேரிங் ஜெயிக்கிறது. நண்பரிடம் டிடி ஸ்விஸ் 350 ஹப் இருக்கிறது. அவர் பேரிங் எண்ணைக் கடையில் சொன்னால் போதும். 6902 என்றால் உலகம் முழுவதும் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 எம்எம். உள்ளே, மிதிக்கும்போது மட்டும் கவ்விப் பிடிக்கும் நாய்ப்பல்லுக்குப் பதில் இரண்டு பல்வளையங்கள் முகத்தோடு முகம் கவ்வுகின்றன. கருவியில்லாமல் கையால் இழுத்துத் திறந்து கிரீஸ் வைக்கலாம். அழகான வேலைப்பாடு, மனதாரச் சொல்கிறேன். விலைதான் டியாக்ராவைப் போல் பல மடங்கு. என் ஹப்பில் பற்சக்கரங்கள் ஏறி உட்காரும் ஃப்ரீஹப் இரும்பு, எடை கூடுதல். ஆனால் அலுமினிய ஃப்ரீஹப்பில் பற்சக்கரம் கடித்துப் பதியும் தழும்பு இதில் இல்லை.

போன வருடம் பின் ரிம் முடிந்தது. பிரேக் கட்டை உரசும் சுவரில் தேய்மான அடையாளக் கோடு மறைந்துவிட்டது. அதற்கு மேல் ஓட்டினால் காற்றழுத்தத்தில் சுவர் பிளக்கும். கம்பி நீளம் மாறாதபடி அதே மாடல் ரிம்மை வாங்கி, பழையதோடு ஒட்டுநாடாவால் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு கம்பியாக இதிலிருந்து அதற்கு மாற்றினோம். நிப்பிள் மட்டும் புதிது. உப்புக் காற்றில் அலுமினிய நிப்பிள் கம்பியோடு பிடித்துக்கொண்டு உடையும் என்று கேள்விப்பட்டதுண்டு. இந்தப் பித்தளை நிப்பிள்கள் அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒன்றுவிடாமல் சாவிக்கு இணங்கித் திரும்பின. கம்பியும் ஹப்பும் பழையவைதான். முன் ரிம்மில் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. அதற்கான ரிம்மையும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன், இந்த மாடல் எத்தனை நாள் கிடைக்குமோ தெரியாது.