போர்க்காலச் சிறுநிலத்துக்கு மரவள்ளியா, மக்காச்சோளமா?

சண்டை நெருங்கும் பகுதியில் எதைப் பயிரிடுவது என்று தயங்கும் சிறு விவசாயிக்கு, விளைச்சலைவிடக் கொள்ளைக்குத் தப்புவதே முதல் அளவுகோல்.

கொள்ளை: மக்காச்சோளம் ஒரே சமயத்தில் முற்றிக் களஞ்சியத்தில் குவிவதால், ஆயுதக் குழுக்கள் ஓரிரவில் அள்ளிச் செல்லவோ எரிக்கவோ முடியும். மரவள்ளிக் கிழங்கோ ஓராண்டுக்கு மேலும் மண்ணுக்குள் கிடக்கும் என்பதால், ஓடியவர்கள் திரும்பிவந்து வேண்டியபோது தோண்டிக்கொள்ளலாம்.

காலம்: மக்காச்சோளம் 3 முதல் 4 மாதங்களில் விளையும், மரவள்ளிக்கு பெரும்பாலும் 8 மாதங்களுக்கு மேல் ஆகும்.

சுமை: உலர்ந்த தானியத்தைக் கையோடு கொண்டுபோகலாம், தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடும்.

கசப்பு மரவள்ளியைப் போதிய அளவு ஊறவைக்காமல் உண்டால் சயனைடு நஞ்சு உடலில் சேரும். 1981-இல் வறட்சியில் தவித்த மொசாம்பிக்கில் கால்களை முடக்கும் கொன்சோ நோய் அப்படித்தான் பரவியது.

நெடுந்தொலைவு வெளியேற நேரலாம் என்றால் மக்காச்சோளமும், அருகில் ஒளிந்து அடிக்கடி திரும்பும் குடும்பத்துக்கு மரவள்ளியும் பொருந்தும். கண்ணிவெடி அகற்றப்படாத நிலத்தில் இரண்டுமே வேண்டாம்.