செவிலியர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதுவோருக்கு ஸோட்டெரோ: ஒரு மதிப்பீடு

செவிலியர் ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று ஒரே மேற்கோள் முறை இல்லை. இத்துறை இதழ்களில் பல, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையைக் கேட்கின்றன. மருத்துவ இதழ்களின் மரபையொட்டி நடப்பவை மேற்கோள்களுக்கு வரிசை எண் இடும் வான்கூவர் எண் முறையையோ அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏஎம்ஏ முறையையோ கேட்கின்றன. ஓர் இதழ் மறுத்த கட்டுரையை இன்னோர் இதழுக்கு அனுப்ப நேர்ந்தால், ஐம்பது அறுபது மேற்கோள்களையும் முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறி வரும் வாழ்க்கையில் ஆய்வு எழுதும் செவிலியர்களுக்கும், முதுநிலை ஆய்வேட்டைக் கட்டுரையாகச் சுருக்கும் மாணவிகளுக்கும் இது பெரும் சுமை. அவர்களை மனத்தில் வைத்தே, மேற்கோள்களைச் சேகரித்து ஒழுங்குபடுத்தும் ஸோட்டெரோ என்னும் மென்பொருளை இங்கே மதிப்பிடுகிறேன். இதழ் விட்டு இதழ் போகும் கட்டுரைக்கு இதைவிட உதவியான கருவியை நான் பார்க்கவில்லை. ஆனால் ஆசிரியர் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் அதன் பொறுப்பிலேயே விட்டுவிடக் கூடாது.

ஸோட்டெரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. மூல நிரல் திறந்தது, கட்டணம் கிடையாது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஒரு கட்டுரையின் பக்கத்தைத் திறந்து உலாவியில் உள்ள ஸோட்டெரோ பொத்தானை அழுத்தினால் கட்டுரையின் விவரம் மென்பொருளில் உள்ள உங்கள் நூலகத்தில் சேர்ந்துவிடும். பப்மெட் எண்ணையோ கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணையோ மட்டும் இட்டாலும் மீதி விவரத்தை அதுவே தேடி நிரப்பும். வேர்டு, லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் எழுதும்போதே மேற்கோளைச் செருகலாம்.

இதன் உண்மையான பயன் முறையை மாற்றும்போதுதான் தெரியும். எட்டு ஆசிரியர்கள் எழுதிய ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி எட்டுப் பெயரும் பட்டியலில் வர வேண்டும். அப்பதிப்பு இருபது ஆசிரியர்கள் வரை எல்லாப் பெயரையும் எழுதச் சொல்கிறது. வான்கூவர் முறையில் முதல் ஆறு பெயருக்குப் பின் 'மற்றும் பிறர்' என்று பொருள்படும் 'எட் ஆல்' வரும். ஏஎம்ஏ முறையிலோ ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேற்பட்டால் முதல் மூன்று பெயர் போதும். வான்கூவரில் இதழின் பெயரும் சுருங்கிவிடும். 'ஜர்னல் ஆஃப் அட்வான்ஸ்ட் நர்சிங்' என்பது 'ஜே அட்வ் நர்ஸ்' ஆகும். இத்தனை மாற்றத்தையும் ஆவண அமைப்பில் முறையின் பெயரை மாற்றிய சில நொடிகளில் ஸோட்டெரோ செய்துவிடுகிறது. எண் முறையில் எழுதும்போது நடுவில் ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்தால், அதன் பின்னுள்ள எண்கள் அனைத்தும் தாமாகவே திருந்திக்கொள்கின்றன. கையால் எண்ணிட்டு எழுதியவர்களுக்கு இந்த ஒரு வசதியின் அருமை நன்றாகத் தெரியும்.

விதிகள் மாறும்போதும் இது கைகொடுக்கிறது. ஏபிஏ ஆறாம் பதிப்பில் மூன்று முதல் ஐந்து ஆசிரியர்கள் இருந்தால் முதல் முறை குறிப்பிடும்போது எல்லாப் பெயரையும் எழுத வேண்டும். 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில், மூவர் இருந்தாலே முதல் முறையிலிருந்து 'எட் ஆல்' என்று எழுதலாம். பழைய ஆய்வேட்டைப் பார்த்துப் பழகிய மாணவிகள் இன்னும் பழைய விதியையே எழுதுகிறார்கள். மென்பொருள் அந்தப் பிழையைச் செய்வதில்லை.

குறைகளில் முதலாவது தலைப்பு. ஏபிஏ பட்டியலில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லுக்கும், முக்காற்புள்ளிக்கு அடுத்த சொல்லுக்கும், சிறப்புப் பெயர்களுக்கும் மட்டுமே பெரிய எழுத்து வர வேண்டும். ஆனால் பல பதிப்பகங்களின் தளங்களிலிருந்து வரும் பதிவில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. ஸோட்டெரோ அதை அப்படியே அச்சிடுகிறது. தலைப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தி 'சென்டன்ஸ் கேஸ்' என்பதைத் தேர்ந்தால் திருந்தும். அதன் பிறகும் நாட்டின் பெயர், அளவுகோலின் பெயர் போன்றவை சரியாக நிற்கின்றனவா என்று கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது குறை பெயர்களில். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உலகச் செவிலியத்தின் நிலை பற்றிய அறிக்கையைச் செவிலியர் கட்டுரைகள் பல மேற்கோள் காட்டுகின்றன. அந்த நிறுவனத்தின் பெயர் நூலகத்தில் தனிமனிதப் பெயரைப் போல இரண்டு கட்டங்களாகப் பிரிந்து பதிவாகியிருந்தால், பட்டியலில் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்றே வரும். பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு குறியை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்கினால் சரியாகிவிடும். நம் ஊர்ப் பெயர்களில் இது இன்னும் சிக்கலாகிறது. தந்தையின் முதலெழுத்தோடு 'கவிதா ஆர்' என்று எழுதும் ஓர் ஆசிரியரைச் சில தளங்கள் 'ஆர்' என்ற குடும்பப் பெயரும் 'கவிதா' என்ற இயற்பெயரும் உடையவராகப் பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவு ஏபிஏ பட்டியலுக்குள் 'ஆர், கே.' என்று வந்து விழுகிறது. உழைத்து எழுதியவரின் பெயரே தெரியாமல் போவதை நாம் அனுமதிக்கக் கூடாது. தமிழ்நாட்டு ஆய்வாளர்களை மேற்கோள் காட்டும்போதெல்லாம் மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்னை மிகவும் கவர்ந்த வசதி வேறொன்று. 2019 முதல் ஸோட்டெரோ, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் திரட்டும் 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தரவுத்தளத்தோடு உங்கள் நூலகத்தை ஒப்பிட்டு எச்சரிக்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்தைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழ் 2020 மே மாதம் வெளியிட்டு ஜூன் மாதமே திரும்பப் பெற்ற ஆய்வு உங்கள் நூலகத்தில் இருந்தால், பதிவின் மேலேயே சிவப்புப் பட்டை தெரியும். அதைக் கட்டுரைக்குள் செருக முயன்றாலும் எச்சரிக்கை வரும். செவிலியர் கட்டுரை படுக்கையருகே நடக்கும் பராமரிப்பைத் தொடுவது. பொய்த்துப்போன சான்றின் மேல் ஒரு பரிந்துரை எழுப்பப்படாமல் காக்கும் இந்த ஒரு வசதிக்காகவே இதை எல்லாச் செவிலியர் கல்லூரிகளிலும் கற்பிக்க வேண்டும் என்பேன்.

இணையத்தில் முன்கூட்டி வெளியாகும் கட்டுரைகளுக்குத் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் பின்னரே கிடைக்கும். ஸோட்டெரோ அவற்றைத் தானாகப் புதுப்பிப்பதில்லை. இலவசச் சேமிப்பிடம் 300 எம்பி மட்டுமே. கட்டுரைக் கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் இது தடையாகாது, விவரப் பதிவுகளுக்கு வரம்பும் இல்லை. இதே வேலையைக் கட்டணத்துக்குச் செய்யும் எண்ட்நோட் வலுவான மென்பொருள்தான் என்றாலும், கல்லூரி வாங்கித் தராத நிலையில் மாணவி ஒருவர் சொந்தப் பணத்தில் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்சிவியர் நிறுவனத்தின் மெண்டலேயும் இலவசமே. அதில் ஏற்கெனவே நூலகம் வைத்திருப்பவர் உடனே மாற வேண்டிய கட்டாயமில்லை.

இதழுக்கு அனுப்பும் முன், வேர்டில் உள்ள 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' பொத்தானால் மேற்கோள்களை வெறும் எழுத்தாக மாற்றிவிடலாம். அதைப் பிரதியெடுத்த கோப்பில் மட்டும் செய்யுங்கள். மாற்றிய கோப்பில் இணைப்பை மீட்க வழியில்லை; மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் வந்த பிறகு திருத்துவதற்கு இணைப்புள்ள மூலக் கோப்பு உங்களுக்கு மறுபடியும் தேவைப்படும்.