ஈரோட்டில் ஒரு கல்ச்சர் லேப்: ரிப்போர்ட் கெட்டி, பைக் பெட்டிதான் பிரச்சினை

கோபி, பவானி, அந்தியூர் பக்கத்து நர்ஸிங் ஹோம்களுக்கு பைக்கில் ஆள் அனுப்பி சாம்பிள் எடுத்துக்கொண்டு, கிருமியை வளர்த்து எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று சொல்லும் லேப் இது. ஐசியூ கிருமிகளுக்கு இதை நம்பலாமா என்றால், ரிப்போர்ட்டைத் தாராளமாக நம்பலாம்.

வெறும் எஸ் (மருந்து கேட்கும்), ஆர் (கேட்காது) போடாமல் எம்ஐசி அளவும், அதாவது கிருமி வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவும், தருகிறார்கள். கிளெப்சியெல்லா என்ற கிருமிக்கு ஆம்பிசிலின் பிறவியிலேயே கேட்காது. அதற்கு 'எஸ்' போட்டு வரும் ரிப்போர்ட்டை, எந்த லேப் ஆனாலும், திருப்பி அனுப்புங்கள். இங்கே அந்தத் தப்பு இல்லை.

வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினில்தான் இவர்கள் தரம் தெரிகிறது. அதன் மூலக்கூறு பெரிசு, கிருமி வளர்க்கும் ஜெல்லான அகாரில் சரியாகப் பரவாது. மருந்து தடவிய டிஸ்க்கை வைத்து, கிருமி வளராத வட்டத்தை அளந்தால் முடிவு பொய்யாகும். இவர்கள் மருந்தைத் திரவத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் ப்ராத் மைக்ரோடைல்யூஷன் செய்கிறார்கள். நேரமும் காசும் கூட ஆகும், ஆனால் கொடுக்கலாம். எம்ஐசி 2 வரை இருந்தால் 'ஐ' (இடைநிலை) என்றுதான் வரும். லேப் அளவுகோல்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐ 2020இல் இந்த மருந்துக்கு 'எஸ்' என்ற வகையையே எடுத்துவிட்டது, அதனால் பதற வேண்டாமுங்க.

மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்கும் கேட்காத கிருமிக்கு, எந்த எதிர்ப்பு ஜீன் இருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட்டை நாமாகக் கேட்டால்தான் செய்கிறார்கள். இது குறை. ஆக்ஸா-48 ஜீன் என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து மட்டும் போதலாம். என்டிஎம் ஜீன் என்றால் அது தனியாக எடுபடாது, அஸ்ட்ரியோனம் என்ற மருந்தையும் சேர்க்க வேண்டும். அதனால் ஜீன் டெஸ்ட் வேண்டும் என்று ஃபாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்தப் பெட்டி. யூரினையும் ப்ளட் பாட்டிலையும் ஒரே ஐஸ் பெட்டியில் போடுகிறார்கள். யூரின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கிருமி பெருகி எண்ணிக்கை ஏறும், அதற்குக் குளிர் வேண்டும். ப்ளட் பாட்டில் குளிர்ந்தால் நிமோகாக்கஸ் போன்ற மெல்லிய கிருமிகள் செத்து, 'வளர்ச்சி இல்லை' என்று வரும். பாட்டிலைத் தனிப் பையில் கட்டிக் கையில் கொடுங்கள்.

இவர்கள் தரும் துண்டுச் சீட்டில் ப்ளட் பாட்டிலுக்கு 5 மில்லி ரத்தம் என்றிருக்கிறது, அதை விடுங்கள். பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு கையிலும் தனித்தனியாக, முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால். 2 சதவீத குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் தேய்த்து, காய்ந்த பிறகே ஊசி. பாட்டில் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்; பலர் விடுவது இங்கேதான். ஒரே பாட்டிலில் மட்டும் தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி வளர்ந்தால் 'கலப்படமாக இருக்கலாம்' என்று இவர்களே எழுதுவதால், அதற்குக் கொடுக்கும் வான்கோமைசின் மருந்து வீணாவதில்லை.

பாட்டிலில் கிருமி வளர்ந்து பாசிட்டிவ் ஆனதும், சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கிராம் ஸ்டெயின் முடிவைப் போனில் சொல்கிறார்கள், ராத்திரியிலும். சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் பைக் வராது. அன்றைக்கு யாரையாவது நேரில் அனுப்புங்கள், ஃப்ரிட்ஜில் வைத்துத் திங்கட்கிழமை கொடுக்காதீர்கள்.